பயாஸில் லெகஸி வைத்தால் மின்ட், யுஇஎஃப்ஐ வைத்தால் விண்டோஸ்: இரண்டும் ஒரே மெனுவில் வர என்ன வழி?

கொழிஞ்சாம்பாறை டீச்சர் | சனி, இரவு 9.10

வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில் தமிழ் மீடியம் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிறேன். பள்ளி லேபில் எல்லாக் கணினியிலும் கேரளக் கல்வித் துறையின் கைட் நிறுவனம் தரும் க்னூ/லினக்ஸ்தான், உபுண்டுவை அடிப்படையாக வைத்துச் செய்தது. கைட் ஆவதற்கு முன்னால் ஐடி அட் ஸ்கூல் என்று இருந்த காலத்திலிருந்தே லினக்ஸில் பழகிய கை. வீட்டு லேப்டாப்பில் மட்டும் விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு முடிந்துவிட்டது. லேப்டாப்பில் இருப்பது ஏழாம் தலைமுறை ஐ5, அதனால் விண்டோஸ் 11 ஏறாது.

பொள்ளாச்சியில் ஒரு கடையில் கொடுத்து உள்ளே ஒரு எஸ்எஸ்டி போட்டேன். பழைய ஒரு டிபி ஹார்ட் டிஸ்கில் விண்டோஸ் அப்படியே இருக்கிறது. எஸ்எஸ்டியில் லினக்ஸ் மின்ட் 22. இன்ஸ்டால் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. ரீஸ்டார்ட் செய்தால் நேராக விண்டோஸ்! எஃப்12 மெனுவிலும் மின்ட் பெயரே இல்லை.

பக்கத்து வீட்டுப் பையன் பயாஸுக்குள் போய் "யுஇஎஃப்ஐ" என்றிருந்ததை "லெகஸி" என்று மாற்றினான். மின்ட் வந்துவிட்டது, ஆனால் விண்டோஸ் காணோம். திருப்பி மாற்றினால் விண்டோஸ் வருகிறது, மின்ட் போய்விடுகிறது. இப்போது இதுதான் தினசரி வேலை. காலையில் வீட்டுக்காரர் கேட்டால் எஃப்2 அழுத்தி ஒரு பக்கம், இரவில் எனக்கு இன்னொரு பக்கம்.

விண்டோஸை எடுத்துவிட முடியாது. அவர் தேங்காய் மண்டி வைத்திருக்கிறார். டேலி, ஜிஎஸ்டிக்கான டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாம் அதில்தான். மின்ட் பக்கம் வினாத்தாள்கள், தமிழ்99 விசைப்பலகை, எழுத்துருக்கள் எல்லாம் அமைத்து வைத்துவிட்டேன். கடையில் கேட்டால் "ரெண்டையும் அழிச்சுட்டு முதல்ல இருந்து போட்டுத்தர்றோம்" என்கிறார்கள். அழிக்காமல் வழி உண்டா?

கோவிந்தாபுரம் செக்போஸ்ட் | சனி, இரவு 9.24

ஹார்ட் டிஸ்க் கேபிள் லூஸாக இருக்கும் டீச்சர். எனக்கும் இப்படித்தான் ஒரு டிஸ்க் வருவதும் போவதுமாக இருந்தது.

மீனாட்சிபுரம் மெக்கானிக் | சனி, இரவு 9.40

கேபிள் இல்லை. கேபிளாக இருந்தால் அது பயாஸ் செட்டிங்கைப் பார்த்துப் பார்த்து வேலை செய்யாது.

டீச்சர், நீங்கள் எழுதியதிலேயே நோய் தெரிந்துவிட்டது. பெரும்பாலானவர்கள் "பூட் ஆகவில்லை" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போவார்கள். எந்த செட்டிங்கில் எது வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது பாதி வேலையை முடித்துவிட்டது.

ஒரு லேப்டாப் எழுந்திருக்க இரண்டு வழி இருக்கிறது. பழைய வழியில், பயாஸ் டிஸ்கின் முதல் செக்டாரைப் படித்து அங்கே இருக்கும் சின்ன நிரலை ஓட்டும். டிஸ்கில் என்னென்ன கோப்பு இருக்கிறது என்பதே அதற்குத் தெரியாது. புதிய வழி யுஇஎஃப்ஐ. இதில் ஃபேட்32 வடிவத்தில் இஎஸ்பி என்று ஒரு தனிப் பார்ட்டிஷன் இருக்கும். விண்டோஸும் லினக்ஸும் ஆளுக்கொரு ஃபோல்டராக அதற்குள் தங்கள் பூட் கோப்பை வைத்திருக்கும். எந்தக் கோப்பை ஓட்ட வேண்டும் என்ற பட்டியல் மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கும்.

உங்கள் விண்டோஸ் யுஇஎஃப்ஐ வழியில் போட்டது. மின்ட் லெகஸி வழியில் ஏறியிருக்கிறது. ஒரு வழியில் எழுந்த இயந்திரம் இன்னொரு வழிக்கு நடுவில் தாவ முடியாது. அதனால்தான் ஒன்று வந்தால் மற்றது காணாமல் போகிறது. இரண்டும் நலமாகவே இருக்கின்றன. மின்ட்டுக்கு யுஇஎஃப்ஐ பக்கம் ஒரு வாசல் வைத்துக் கொடுத்தால் போதும். எதையும் அழிக்க வேண்டியதில்லை.

உறுதி செய்ய இரண்டு சோதனை.

விண்டோஸில்: விண்டோஸ் பொத்தானோடு ஆர் அழுத்தி எம்எஸ்இன்ஃபோ32 ஓட்டுங்கள். "பயாஸ் மோட்" என்ற வரியில் யுஇஎஃப்ஐ என்று இருக்கிறதா?

மின்ட்டில்: டெர்மினலில் எல்எஸ் /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ. "அப்படி ஒன்று இல்லை" என்று வந்தால் லெகஸியில் எழுந்திருக்கிறது என்று பொருள்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர் | சனி, இரவு 10.15

சொன்ன மாதிரியே. விண்டோஸில் யுஇஎஃப்ஐ. மின்ட்டில் அந்த ஃபோல்டர் இல்லை. ஆனால் இன்ஸ்டால் செய்தபோது லெகஸி என்று நான் எங்கேயும் தேர்ந்தெடுக்கவே இல்லையே?

மீனாட்சிபுரம் மெக்கானிக் | சனி, இரவு 10.31

இன்ஸ்டாலர் அதைக் கேட்காது டீச்சர். பென்டிரைவ் எந்த வழியில் எழுந்ததோ அதே வழியில்தான் அது க்ரப்பை, அதாவது மெனு காட்டி இயங்குதளத்தை எழுப்பும் நிரலை, போடும். இரண்டு வழியையும் அனுமதிக்கும் லேப்டாப்பில், எஃப்12 மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு தடவை தெரியும். ஒன்றின் முன்னால் "யுஇஎஃப்ஐ" என்று இருக்கும், இன்னொன்றில் வெறும் பென்டிரைவின் பெயர். வெறும் பெயரை அழுத்தினால் எல்லாம் லெகஸிதான். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. இந்த இடத்தில்தான் எத்தனையோ பேர் மாட்டுகிறார்கள். உங்கள் பள்ளி லேபில் ஒரு கணினிக்கு ஒரே இயங்குதளம் என்பதால் இந்தச் சிக்கலே எழாது.

மெனு திறக்கும் பொத்தான் பிராண்டுக்குப் பிராண்டு மாறும். டெல், லெனோவோ என்றால் எஃப்12. எச்பி என்றால் எஃப்9. ஆசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 தான், ஆனால் முதலில் எஃப்2 வழியாக உள்ளே போய் அதை இயக்கி வைக்க வேண்டியிருக்கும்.

நாளைக்குச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் பயாஸை யுஇஎஃப்ஐயில் வையுங்கள், இனி அதைத் தொடவே வேண்டாம். அப்புறம் பென்டிரைவை "யுஇஎஃப்ஐ" என்று முன்னால் இருக்கும் வரியிலிருந்து எழுப்புங்கள். லைவ் மின்ட் வந்ததும் மறுபடி அந்த எல்எஸ் கட்டளை. ஃபோல்டர் இருந்தால் மட்டும் மேலே போங்கள். பிறகு எல்எஸ்பிஎல்கே -எஃப் என்று அடித்து வருவதை இங்கே போடுங்கள்.

ஆரியங்காவு | சனி, இரவு 10.50

மின்ட் லைவ் பென்டிரைவிலேயே பூட் ரிப்பேர் என்று ஒரு செயலி இருக்கிறதே, அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதாதா? டீச்சரை எதற்கு டெர்மினலில் அலையவிட வேண்டும்?

மீனாட்சிபுரம் மெக்கானிக் | சனி, இரவு 11.02

நல்ல செயலிதான், பலரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் இங்கே இரண்டு டிஸ்க், ஒன்றில் மண்டிக் கணக்கு. எந்த டிஸ்கில் எதை எழுதுகிறோம் என்று கண்ணால் பார்த்துச் செய்வதே நல்லது. கையால் செய்து முடியாவிட்டால் அதை எடுத்துக்கொள்ளலாம்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர் | ஞாயிறு, காலை 7.35

யுஇஎஃப்ஐ வரியிலிருந்தே எழுப்பினேன், ஃபோல்டர் இருக்கிறது. எல்எஸ்பிஎல்கே (-எஃப் போட்டும், அளவு பார்க்க அது இல்லாமலும்) காட்டுவது:

எஸ்டிஏ1 – ஃபேட்32, 100 எம்பி
எஸ்டிஏ2 – 16 எம்பி, வடிவம் எதுவும் காட்டவில்லை
எஸ்டிஏ3 – என்டிஎஃப்எஸ், பெரியது
எஸ்டிஏ4 – என்டிஎஃப்எஸ், சின்னது
எஸ்டிபி1 – எக்ஸ்ட்4, எஸ்எஸ்டி முழுக்க
எஸ்டிசி – பென்டிரைவ்

மீனாட்சிபுரம் மெக்கானிக் | ஞாயிறு, காலை 8.20

தெளிவாக இருக்கிறது. எஸ்டிஏ1 தான் இஎஸ்பி, விண்டோஸ் வழக்கமாகப் போடும் 100 எம்பி அளவு. எஸ்டிபி1 உங்கள் மின்ட். க்ரப்புக்குச் சில எம்பி இருந்தால் போதும், அதனால் அந்த 100 எம்பியிலேயே அதை உட்காரவைக்கலாம். விண்டோஸின் ஃபோல்டரை இது தொடாது. ஆனால் எஸ்டிஏ1-ஐ எந்தக் காரணத்துக்காகவும் ஃபார்மேட் செய்யாதீர்கள். அதைச் செய்தால் விண்டோஸின் வாசல் அடைந்துவிடும்.

இணையம் இணைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக:

சூடோ மவுன்ட் /டெவ்/எஸ்டிபி1 /எம்என்டி
சூடோ எம்கேடிர் -பி /எம்என்டி/பூட்/இஎஃப்ஐ
சூடோ மவுன்ட் /டெவ்/எஸ்டிஏ1 /எம்என்டி/பூட்/இஎஃப்ஐ

பிறகு டெவ், ப்ராக், சிஸ், ரன் நான்கையும் எம்என்டிக்குள் அதே பெயரில் மவுன்ட் --பைண்ட் செய்யுங்கள். ரன்னை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் உள்ளே போன பிறகு இணையப் பெயர்கள் தெரியாமல், மென்பொருளை இறக்கும் ஆப்ட் நின்றுவிடும். அப்புறம் சூடோ சிஎச்ரூட் /எம்என்டி. இந்தக் கட்டளைக்குப் பிறகு நீங்கள் அடிப்பதெல்லாம் எஸ்எஸ்டியில் இருக்கும் மின்ட்டுக்குள் நடக்கும்.

உள்ளே:

ஆப்ட் அப்டேட்
ஆப்ட் இன்ஸ்டால் க்ரப்-இஎஃப்ஐ-ஏஎம்டி64 க்ரப்-இஎஃப்ஐ-ஏஎம்டி64-சைன்ட் ஷிம்-சைன்ட்
க்ரப்-இன்ஸ்டால்
அப்டேட்-க்ரப்

இரண்டாவது வரி ஓடும்போது பழைய க்ரப்-பிசியை நீக்கப்போவதாகச் சொல்லும். சரி என்று கொடுங்கள், அது லெகஸிக்கு உரியது.

ஆரியங்காவு | ஞாயிறு, காலை 8.41

ஒன்று கேட்க வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்கில் இருக்கும் இஎஸ்பியில் க்ரப்பை வைத்தால், நாளைக்கு அந்த டிஸ்க் போய்விட்டால் எஸ்எஸ்டியில் நன்றாக இருக்கும் மின்ட்டும் எழாதே? எஸ்எஸ்டியிலேயே தனி இஎஸ்பி போடுவதுதான் சரி. எக்ஸ்ட்4-ஐ ஜிபார்ட்டட்டில் 500 எம்பி குறைத்தால் போதும்.

மீனாட்சிபுரம் மெக்கானிக் | ஞாயிறு, காலை 9.05

நியாயமான கேள்வி அண்ணே. புதிதாக ஒருவர் இரண்டு டிஸ்கில் போடுகிறார் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். இங்கே தயங்குவதற்குக் காரணம் உண்டு. காலி டிஸ்கில் லெகஸியாகப் போட்டதால் எஸ்எஸ்டியின் பார்ட்டிஷன் அட்டவணை பழைய எம்பிஆர் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். எம்பிஆர் டிஸ்கிலும் இஎஸ்பி வைக்கலாம் என்று விதி இருக்கிறது, ஆனால் எல்லா ஃபர்ம்வேரும் அதை மதிப்பதில்லை. புதிய வகையான ஜிபிடிக்கு மாற்றுவது, பார்ட்டிஷனைச் சுருக்குவது எல்லாம் பேக்கப் எடுத்துவிட்டுச் செய்ய வேண்டிய வேலை. இப்போது இருக்கும் இஎஸ்பியை வைத்து இன்றைக்கு எழுப்பிவிடலாம். ஹார்ட் டிஸ்க் போனாலும் மின்ட் அழியாது. இதே பென்டிரைவ், இதே கட்டளைகள், வேறு இஎஸ்பி, அவ்வளவுதான்.

டீச்சர், லைவ் மின்ட்டில் டிஸ்க்ஸ் செயலியைத் திறந்து ஹார்ட் டிஸ்கின் ஸ்மார்ட் விவரத்தை ஒருமுறை பாருங்கள். ரீஅலோகேட்டட் செக்டார் (பழுதாகி மாற்றப்பட்ட பகுதி) கூடிக்கொண்டே போனால், எல்லாவற்றுக்கும் முன்னால் மண்டிக் கணக்கை வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

வண்டிப்பெரியார் மாணவி | ஞாயிறு, காலை 10.12

இடையில் வருவதற்கு மன்னிக்கவும் அண்ணா. எனக்கும் பூட் பிரச்சினைதான், ஆனால் வேறு மாதிரி. என்விடியா கார்டு உள்ள லேப்டாப், விண்டோஸ் 11-உடன் உபுண்டு 24.04. க்ரப் மெனு வருகிறது, உபுண்டுவைத் தேர்ந்தெடுத்தால் கறுப்புத் திரை. ஃபேன் ஓடுகிறது, கேப்ஸ் லாக் விளக்கு எரிந்து அணைகிறது. இங்கே எஸ்டேட் லைனில் நெட்வொர்க் சரியாகக் கிடைக்காது. ஐஎஸ்ஓவை இன்னொரு தடவை இறக்கச் சொல்லிவிடாதீர்கள்.

குமுளி ஏலக்கடை | ஞாயிறு, காலை 10.40

தங்கச்சி, கேப்ஸ் லாக் எரிந்து அணைகிறது என்று பார்த்துச் சொன்னாய் பாரு, அதுதான் முக்கியம். கர்னல் ஓடிக்கொண்டிருக்கிறது, படம் மட்டும் திரைக்கு வரவில்லை. ஐஎஸ்ஓவில் குறையில்லை.

க்ரப் மெனுவில் உபுண்டு வரியின் மேல் நின்று இ அழுத்து. லினக்ஸ் என்று தொடங்கும் நீளமான வரி இருக்கும், கடைசியில் குவைட் ஸ்ப்ளாஷ். அதன் பக்கத்தில் ஒரு இடைவெளி விட்டு நோமோட்செட் என்று சேர்த்து எஃப்10 அழுத்து. திரை சற்று மங்கலாக, பெரிய எழுத்தோடு வரும், கவலைப்படாதே. இந்த மாற்றம் அந்த ஒரு பூட்டுக்குத்தான், எங்கேயும் சேமிக்கப்படாது.

உள்ளே போனதும் சூடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால். செக்யூர் பூட் (கையெழுத்துள்ள நிரலை மட்டும் ஏற்கும் பாதுகாப்பு) இயங்கினால் நடுவில் ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். அதை நினைவில் வை. ரீஸ்டார்ட் செய்ததும் நீல நிறத்தில் ஒரு திரை வரும், எம்ஓகே மேனேஜ்மென்ட் என்று. பத்து வினாடிக்குள் ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தாவிட்டால் அது போய்விடும். "என்ரோல் எம்ஓகே", பிறகு "கன்டினியூ", "யெஸ்", அப்புறம் அந்தக் கடவுச்சொல். நீலத் திரையைப் பார்த்துப் பயந்து பலர் பவர் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் டிரைவர் இருந்தும் ஏறாது, மறுபடி கறுப்புத் திரைதான்.

வண்டிப்பெரியார் மாணவி | ஞாயிறு, காலை 11.30

நோமோட்செட் போட்டதும் உள்ளே வந்துவிட்டது அண்ணா! டிரைவர் இறங்கிக்கொண்டிருக்கிறது, மெதுவாக. இந்த முறை முதலில் க்ரப் மெனு வரவில்லை, எஸ்கேப்பைப் பலமுறை தட்டினேன், அப்போது க்ரப் என்று எழுதி ஒரு கருப்புப் பெட்டி வந்து நின்றது. அது என்ன?

குமுளி ஏலக்கடை | ஞாயிறு, காலை 11.44

ஒரு தடவை தட்டினால் மெனு. அதற்கு மேல் தட்டினால் மெனுவையும் தாண்டி க்ரப்பின் கட்டளை வரிக்குப் போய்விடும். நார்மல் என்று அடித்து என்டர் கொடுத்து, உடனே ஒரே ஒருமுறை எஸ்கேப். மெனு வந்துவிடும்.

மீனாட்சிபுரம் மெக்கானிக் | ஞாயிறு, பகல் 12.05

அந்தக் கருப்புப் பெட்டியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அதைப் பார்த்ததும் "எல்லாம் போச்சு" என்று மறுபடி இன்ஸ்டால் செய்கிறவர்கள் அநேகம். நீங்களாக எஸ்கேப் தட்டாமல் அது தானாக வந்தால், க்ரப் ஏறிவிட்டது, அதன் மெனுக் கோப்பு மட்டும் கிடைக்கவில்லை என்று பொருள். உபுண்டு, மின்ட் இரண்டிலும் இஎஸ்பிக்குள் ஒரு குட்டி க்ரப்.சிஎஃப்ஜி இருக்கும். அதில் சில வரிகள்தான்: இன்ன யுயுஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்) உள்ள பார்ட்டிஷனைத் தேடு, அங்கே இருக்கும் பெரிய க்ரப்.சிஎஃப்ஜியைத் திற. நீங்கள் ரூட் பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்தாலோ வேறு டிஸ்குக்கு மாற்றினாலோ யுயுஐடி மாறிவிடும். குட்டிக் கோப்பு பழைய எண்ணையே தேடிக்கொண்டு நிற்கும்.

அங்கே எல்எஸ் அடித்தால் டிஸ்குகள் தெரியும்: (எச்டி0,ஜிபிடி1), (எச்டி0,ஜிபிடி5) என்ற மாதிரி. ஒவ்வொன்றாக எல்எஸ் (எச்டி0,ஜிபிடி5)/ என்று பாருங்கள். எதில் ஹோம், இடிசி, பூட் எல்லாம் தெரிகிறதோ அதுதான் உங்கள் லினக்ஸ். பிறகு கான்ஃபிக்ஃபைல் (எச்டி0,ஜிபிடி5)/பூட்/க்ரப்/க்ரப்.சிஎஃப்ஜி என்று அடித்தால் மெனு வந்துவிடும். உள்ளே போய் க்ரப்-இன்ஸ்டால், அப்டேட்-க்ரப் இரண்டையும் ஓட்டினால் குட்டிக் கோப்பும் சரியாகும்.

"க்ரப் ரெஸ்க்யூ" என்று வந்தால் அது இன்னும் ஒரு படி முன்னால் நின்றது, மாட்யூல்களே கிடைக்கவில்லை. "இனிட்ராம்எஃப்எஸ்" என்று வந்தால் க்ரப் தன் வேலையை முடித்துவிட்டது, கர்னலும் ஏறிவிட்டது, ரூட் பார்ட்டிஷனைத் திறக்க முடியவில்லை. அந்த இடத்தில் அநேகமாக எஃப்எஸ்சிகே -ஒய் போட்டு, பக்கத்தில் பார்ட்டிஷன் பெயரைக் கொடுத்தால் எழுந்துவிடும். மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில், பேட்டரி செத்த லேப்டாப்பில் இது அடிக்கடி நடக்கும். திரை எங்கே நின்றதோ அந்தப் படியைத்தான் பார்க்க வேண்டும். க்ரப்பைத் திரும்பப் போட்டு இனிட்ராம்எஃப்எஸ் சரியாகாது.

கொழிஞ்சாம்பாறை டீச்சர் | ஞாயிறு, மாலை 4.20

மதியம் உட்கார்ந்து செய்தேன். ஸ்மார்ட்டில் ஹார்ட் டிஸ்க் நன்றாக இருப்பதாகவே காட்டுகிறது. ஆப்ட் எல்லாம் சரியாக ஓடியது. க்ரப்-இன்ஸ்டால் கொடுத்ததும் "இஎஃப்ஐ வேரியபிள்ஸ் ஆர் நாட் சப்போர்ட்டட் ஆன் திஸ் சிஸ்டம்" என்று சொல்லி நிற்கிறது. பென்டிரைவை யுஇஎஃப்ஐ வரியிலிருந்துதான் எழுப்பினேன், உறுதி. சிஎச்ரூட்டுக்கு வெளியே அந்த ஃபோல்டரும் இருக்கிறது.

மீனாட்சிபுரம் மெக்கானிக் | ஞாயிறு, மாலை 4.38

வெளியே இருக்கிறது என்று பார்த்தது நல்லதாகப் போயிற்று, பாதிக் காரணம் அதிலேயே கழிந்துவிட்டது. சிஸ் ஃபோல்டரை வெறும் பைண்ட் செய்தால் அதற்குள் தனியாக மவுன்ட் ஆகியிருக்கும் இஎஃப்ஐவார்ஸ் கூடவே வராது. சிஎச்ரூட்டுக்குள் அந்த இடம் வெறுமையாக இருக்கும். மதர்போர்டின் பட்டியலில் எழுத க்ரப்புக்கு அந்த வழிதான்.

சிஎச்ரூட்டை விட்டு வெளியே வர வேண்டியதில்லை. உள்ளேயே:

மவுன்ட் -டி இஎஃப்ஐவார்எஃப்எஸ் இஎஃப்ஐவார்எஃப்எஸ் /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ/இஎஃப்ஐவார்ஸ்

பிறகு க்ரப்-இன்ஸ்டால். இந்த இழையைப் படித்துச் செய்யப்போகிறவர்கள் சிஸ்ஸுக்கு மட்டும் --பைண்டுக்குப் பதில் --ஆர்பைண்ட் போட்டால் இந்தத் தடங்கலே வராது.

கொழிஞ்சாம்பாறை டீச்சர் | ஞாயிறு, மாலை 4.51

"இன்ஸ்டாலேஷன் ஃபினிஷ்ட். நோ எரர் ரிப்போர்ட்டட்." அப்டேட்-க்ரப் ஓட்டினேன், விண்டோஸ் பூட் மேனேஜர் கிடைத்ததாக ஒரு வரி வந்தது. ரீஸ்டார்ட் செய்யலாமா?

மீனாட்சிபுரம் மெக்கானிக் | ஞாயிறு, மாலை 4.55

ஒரு நிமிடம் டீச்சர், ஒரு வேலை பாக்கி. முதலில் லெகஸியாகப் போட்டதால், எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைக்க வேண்டும் என்று சொல்லும் மின்ட்டின் எஃப்எஸ்டாப் கோப்பில் இஎஸ்பிக்கு வரி இருக்காது. அது இல்லாவிட்டால் இன்றைக்கு எழுந்துவிடும், ஆனால் பின்னால் க்ரப் அப்டேட் வரும்போது புதிய கோப்பு சரியான இடத்துக்குப் போகாது. பிஎல்கேஐடி /டெவ்/எஸ்டிஏ1 அடித்தால் நான்கு எழுத்து, ஒரு கோடு, நான்கு எழுத்து என்று குட்டி யுயுஐடி வரும். ஃபேட் பார்ட்டிஷனுக்கு அப்படித்தான் இருக்கும். /இடிசி/எஃப்எஸ்டாப் கடைசியில்:

யுயுஐடி=(அந்த எண்) /பூட்/இஎஃப்ஐ விஃபேட் உமாஸ்க்=0077 0 1

சேமித்துவிட்டு மவுன்ட் -ஏ. எந்தப் பிழையும் வராவிட்டால் வெளியே வந்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். பூட் மெனுவில் மின்ட் என்று தேடாதீர்கள். மின்ட்டும் தன் பதிவை "உபுண்டு" என்ற பெயரில்தான் போடும்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர் | ஞாயிறு, மாலை 5.30

வந்துவிட்டது! பச்சை நிற மெனு, மேலே மின்ட், கீழே விண்டோஸ். இரண்டையும் மாற்றி மாற்றி எழுப்பிப் பார்த்துவிட்டோம். வீட்டுக்காரர் டேலியைத் திறந்து பில் போட்டுப் பார்த்தார், டோக்கனும் வேலை செய்கிறது. ரொம்ப நன்றி அண்ணா. ஆரியங்காவு அண்ணாவுக்கும் நன்றி. விடுமுறையில் பேக்கப் எடுத்துக்கொண்டு நீங்கள் சொன்ன தனி இஎஸ்பியையும் போட்டுவிடுகிறேன்.

குப்பம் தமிழன் | ஞாயிறு, இரவு 8.02

இங்கே ஆந்திரப் பக்கம் ஒரு கேள்வி. உபுண்டுவில் டீச்சர் மாதிரியே எல்லாம் செய்தேன், க்ரப் வருகிறது, ஆனால் விண்டோஸ் வரி மட்டும் இல்லை. இன்னொன்று, என் தம்பியின் புதிய லேப்டாப்பில் இன்ஸ்டாலருக்கு டிஸ்கே தெரியவில்லை.

குமுளி ஏலக்கடை | ஞாயிறு, இரவு 8.30

முதலாவது எளிது. 2021-இல் வந்த க்ரப் 2.06-இலிருந்து மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் தானாக ஓடாது, பாதுகாப்புக் காரணமாக நிறுத்திவிட்டார்கள். மின்ட் 21-இலிருந்து அவர்கள் அதைத் திருப்பி இயக்கி வைத்திருப்பதால் டீச்சருக்குத் தானாக வந்துவிட்டது. நீங்கள் /இடிசி/டிஃபால்ட்/க்ரப் கோப்பில் க்ரப்_டிஸேபிள்_ஓஎஸ்_ப்ரோபர்=ஃபால்ஸ் என்று ஒரு வரி சேர்த்து சூடோ அப்டேட்-க்ரப் ஓட்டுங்கள்.

இரண்டாவதற்கு அவசரப்படக் கூடாது. பயாஸில் ஸ்டோரேஜ் "ஆர்எஸ்டி" அல்லது "ரெய்டு" என்று இருக்கிறதா பாருங்கள். அதை ஏஹெச்சிஐக்கு மாற்றினால் டிஸ்க் தெரியும், ஆனால் நேராக மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். முதலில் விண்டோஸில் டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்க்ரிப்ஷன் இயங்குகிறதா என்று பார்த்து, 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் அது அங்கே இருக்கும். இதைச் செய்யாமல் பயாஸில் கை வைக்காதீர்கள், சாவி இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் படமும் பத்திரமும் திரும்பக் கிடைக்காது.

பிறகு அட்மின் கமாண்ட் ப்ராம்ப்டில் பிசிடிஎடிட் /செட் சேஃப்பூட் மினிமல். ரீஸ்டார்ட், பயாஸில் ஏஹெச்சிஐ, விண்டோஸ் சேஃப் மோடில் எழுந்து புதிய டிரைவரை எடுத்துக்கொள்ளும். அப்புறம் பிசிடிஎடிட் /டெலீட்வேல்யூ சேஃப்பூட் கொடுத்து மறுபடி ரீஸ்டார்ட். இப்போது இன்ஸ்டாலருக்கு டிஸ்க் தெரியும்.

ஆரியங்காவு | ஞாயிறு, இரவு 8.52

இரண்டையும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பலருக்கு லினக்ஸ் பக்கம் "எஸ்பிஏடி செல்ஃப்-செக் ஃபெயில்ட்" என்று சொல்லி லேப்டாப் அணைந்துபோனது. அதுவும் இன்ஸ்டாலில் வந்த கோளாறு இல்லை. க்ரப்புக்கு முன்னால் ஓடும் பழைய ஷிம் நிரலைச் செக்யூர் பூட் ஏற்க மறுத்ததுதான் காரணம். செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி லினக்ஸுக்குள் போய் சூடோ மோக்யூடில் --செட்-எஸ்பிஏடி-பாலிசி டெலீட் கொடுத்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, அப்டேட்டுகளைப் போட்டுவிட்டுச் செக்யூர் பூட்டைத் திருப்பி இயக்கினார்கள். பழைய ஐஎஸ்ஓவை வருடக்கணக்கில் பென்டிரைவில் வைத்திருப்பவர்கள் புதியது ஒன்றை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இறக்கியதும் கோப்பு சரியாக வந்ததா என்று ஷா256சம் பாருங்கள், வண்டிப்பெரியார் மாதிரி நெட்வொர்க் விட்டு விட்டு வரும் இடத்தில் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

வண்டிப்பெரியார் மாணவி | ஞாயிறு, இரவு 9.40

நீலத் திரை வந்தது, என்ரோல் செய்தேன், இப்போது நோமோட்செட் இல்லாமலேயே முழுத் தெளிவோடு வருகிறது. வெளித் திரை இணைத்தாலும் தெரிகிறது. நன்றி குமுளி அண்ணா.

கொழிஞ்சாம்பாறை டீச்சர் | திங்கள், காலை 6.50

இரண்டு சின்ன விஷயம். மின்ட்டிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டுகிறது. மண்டி பில்லில் நேரம் தப்பாக விழுகிறது. அப்புறம், விண்டோஸ் டிரைவை மின்ட்டில் திறந்தால் படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை.

மீனாட்சிபுரம் மெக்கானிக் | திங்கள், காலை 7.15

லினக்ஸ் மதர்போர்டுக் கடிகாரத்தில் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தை வைக்கும். விண்டோஸ் அதையே நம் ஊர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி. மின்ட்டில் டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1 என்று ஒருமுறை கொடுத்துவிட்டால் இரண்டும் ஒத்துப்போகும்.

எழுத முடியாததற்குக் காரணம் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணையாமல் பாதித் தூக்கத்தில் டிரைவைப் பிடித்து வைத்திருக்கும். மின்ட் அதைக் கண்டுகொண்டு எழுதாமல் விலகி நிற்கிறது, உங்கள் கோப்புகளைக் காப்பாற்றத்தான். கட்டாயப்படுத்தி எழுதும் வழி இணையத்தில் கிடைக்கும், மண்டிக் கணக்கு இருக்கும் டிரைவில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். விண்டோஸில் அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப் கொடுத்து, ஒருமுறை முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர் | திங்கள், இரவு 8.30

கடிகாரம் ஒத்துப்போய்விட்டது, டிரைவிலும் எழுத முடிகிறது. பள்ளியில் லிட்டில் கைட்ஸ் ஐடி கிளப் பிள்ளைகளிடம் எஃப்12 மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு வரியாகத் தெரிவதைப் பற்றிச் சொன்னேன். வீட்டில் லேப்டாப் வைத்திருக்கும் பிள்ளைகள் சிலர் நாளைக்குப் பென்டிரைவ் கொண்டுவருகிறார்களாம். இந்த இழையை அச்செடுத்து லேபில் ஒட்டலாமா?

மீனாட்சிபுரம் மெக்கானிக் | திங்கள், இரவு 8.44

தாராளமாக ஒட்டுங்கள் டீச்சர். எஸ்டிஏ1, எஸ்டிபி1 என்று நான் எழுதியது உங்கள் லேப்டாப்புக்கு மட்டும்தான். பிள்ளைகள் முதலில் எல்எஸ்பிஎல்கே -எஃப் பார்த்துத் தங்கள் டிஸ்கின் பெயரைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று மேலேயே பெரிதாக எழுதிவிடுங்கள். என்விஎம்இ டிஸ்க் என்றால் பெயரே வேறு மாதிரி இருக்கும்.